இறக்கிய கையும் ஏற்றிய கையும்

என்னைவிடப் பதினெட்டு வயது மூத்த ஒருவரை, நான்கு பேர் பார்த்திருக்க, வாய்க்கு வந்தபடி நான் திட்டியது மூன்று கோடைகளுக்கு முன்னால். அவர் எங்கள் ஸ்கேன் சென்டரின் இரவுக் காவலாளி. சர்வர் அறைக்குள் போய் யு.பி.எஸ்.ஸின் மெயின் ஸ்விட்சை ஒரே இழுப்பில் இறக்கியதுதான் அவர் செய்த குற்றம் என்று அன்று நினைத்தேன். அந்த இரவில் நாங்கள் இழந்த படங்களுக்கெல்லாம் அந்த ஒரு இழுப்பே காரணம் என்று மறுநாள் மதியம்வரை எல்லோரிடமும் சொன்னேன். நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். உண்மை தெரிந்த பிறகு அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அது அடங்கவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை செய்யப்படும் பகுதிகளின் பட்டியலைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் அந்த இரவு திரும்பி வந்து நிற்கிறது.

வேலூரில் ஸ்கேன் சென்டர் என்றால் என்ன என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வங்காள எழுத்திலும் இந்தியிலும் பலகை தொங்கும் ஆற்காடு சாலைக் கடைகளுக்கு நடுவே நடக்கிறவர்களில் பலருடைய கையில் பெரிய உறை ஒன்று இருக்கும். ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கி, வைத்தியம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு அவர்கள் மறுபடி வரும்போது மருத்துவர் முதலில் கேட்பது பழைய படத்தைத்தான். கட்டி வளர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்பதைப் புதிய படம் மட்டும் சொல்லாது. பழைய படத்தின் பக்கத்தில் வைத்தால்தான் சொல்லும். உறையில் இருக்கும் பிலிம் தொலைந்துபோகலாம், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். எங்களிடம் இருக்கும் பிரதி தொலையக் கூடாது. அதைக் காப்பதுதான் என் வேலை.

அந்தப் பிரதிகள் இருப்பது ஒரே ஒரு ரேக்கில். மேலே நெட்வொர்க் ஸ்விட்ச், நடுவில் சர்வர், அதற்குக் கீழே பன்னிரண்டு ஹார்டு டிஸ்க் வீதம் இரண்டு வெளிப்பெட்டிகள். பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தகவல் தப்பும்படி வைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். சர்வருக்குள் இருக்கும் ரெய்டு கன்ட்ரோலர் கார்டுதான் இருபத்து நான்கு டிஸ்க்குகளையும் ஆள்வது. முதல் பெட்டியில் பழைய ஆண்டுகளின் படங்கள். இரண்டாம் பெட்டியில் அன்றன்று வந்து சேர்பவை.

அன்று மாலை

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பகலில் 42 டிகிரியைத் தாண்டிய வெயிலுக்குப் பிறகு, மாலை ஏழரை மணிக்குப் புழுதியோடு காற்று எழுந்து, கோடை மழை கொட்டியது. மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் முக்கி முனகிவிட்டு எடுக்காமல் நின்றுவிட்டது. ரேக் முழுவதையும் யு.பி.எஸ். தாங்கிக்கொண்டது. அதன் பேட்டரிகள் நான்கு ஆண்டுப் பழையவை. காற்றோட்டமில்லாத ஒரு சிறிய அறையில் நான்கு வேலூர்க் கோடைகளைக் கண்டவை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் பேட்டரிகளுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான் இல்லை.

கடைசி நோயாளி கிளம்பிப் போன பிறகு, கீழ்த்தளத்தில் காவலாளி அண்ணன் மட்டும் இருந்தார். அழுகிய முட்டை நாற்றம் வந்திருக்கிறது. அளவுக்கு மேல் சூடான லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் நாற்றம் அது. அறையைத் திறந்தால் மெல்லிய புகை. என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நான் காட்பாடியிலிருந்து மழையில் வண்டியில் பாலாற்றுப் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தேன், போன் பைக்குள் இருந்தது. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவதாக அவர் ஸ்விட்சை இறக்கினார். இருபத்து நான்கு டிஸ்க்கும் சர்வரும் ஒரே நொடியில் நின்றன.

நான் வந்தபோது மின்சாரமும் வந்துவிட்டிருந்தது. இருண்டு கிடந்த ரேக்கைப் பார்த்ததும் அவரைப் பார்த்துக் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. அவர் சொன்னது மட்டும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: “நாத்தம் குடலப் பொரட்டுது தம்பி, நெருப்புப் புடிச்சுக்குமோன்னு இறக்கிட்டேன். எதுக்கு முன்னாடி எத அணைக்கணும்னு எனக்கு யாரும் சொன்னதில்லையே.”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை, அவசரத்தில் இருந்தேன். ராஞ்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தது. பத்து மணிக்கு மேல் காட்பாடியில் அவர்களுக்கு ரயில். அதற்குள் பழைய படங்களைக் குறுந்தட்டில் எழுதித் தர வேண்டும். உப்பிப்போன பேட்டரிகளை விலக்கிவிட்டு, யு.பி.எஸ். இல்லாமலேயே ரேக்குக்கு நேரடி மின்சாரம் கொடுக்க முடிவு செய்தேன். மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்தான் எம்.சி.பி. பலகையில் இருந்த நான்கு எம்.சி.பி.க்களையும் விரலால் தடதடவென்று மேலே தள்ளினேன். எல்லாமே ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு எழுந்தன. ஏ.சி. அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. அறை அடுப்படி போல இருந்தது.

சர்வர் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. ஒரு டிஸ்க் தொகுப்பைக் காணவில்லை, அதற்கு எழுத வேண்டிய தகவல் இன்னும் கேஷில், அதாவது கார்டின் தற்காலிக நினைவகத்தில், பத்திரமாக இருக்கிறது, அதை வைத்திருக்கட்டுமா, நீக்கிவிடட்டுமா என்பது அதன் சாரம். காணாமல் போனது இரண்டாம் பெட்டி. திடீரென்று நிறுத்தியதில் அந்தப் பெட்டி செத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். செத்த பெட்டிக்காக வைத்திருக்கும் தகவல் எதற்கு என்று தோன்றியது. முதல் பெட்டியாவது உடனே எழுந்தால் ராஞ்சிக்காரர்களை அனுப்பிவிடலாம். நீக்கு என்பதை அழுத்தினேன்.

குறுந்தட்டு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் ரயிலைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ரேக்கின் பின்னால் போனேன். இரண்டாம் பெட்டிக்குப் போகும் எம்.சி.பி. விழுந்து கிடந்தது. மேலே தள்ளினேன். பெட்டி எழுந்தது. பன்னிரண்டு விளக்கும் பச்சை. ஒரு டிஸ்க்கும் சாகவில்லை.

நிற்பதற்குத் தயாராக இருக்கும் பொருள்

கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் நிரல் அதிகாலை நான்கு மணிவரை ஓடியது. அன்று மாலை கடைசியாக வந்து சேர்ந்த ஆய்வுகள் பாதி பாதியாகக் கிடந்தன. சி.டி., எம்.ஆர்.ஐ. எந்திரங்கள் தங்கள் கன்சோலில் சில நாள் பிரதி வைத்திருக்கும். அவற்றை மறுபடி அனுப்பி மீட்டுவிட்டோம். அல்ட்ராசவுண்ட் அறையிலிருந்து வந்தவற்றில் மூன்றை மீட்க வழியில்லை. அதில் ஒன்று, குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருடையது. இரண்டு நாள் கழித்து அந்த வெயிலில் மாமியாரோடு பேருந்தேறி அவர் மறுபடி வந்தார். அதற்குப் பணம் வாங்கவில்லை என்பது எந்த விதத்திலும் ஈடாகாது.

சர்வர் கம்பெனியின் சர்வீஸ் என்ஜினியர் மறுநாள் மதியம் வந்தார். கன்ட்ரோலர் கார்டின் நிகழ்வுப் பதிவைத் தன் மடிக்கணினியில் இறக்கி, கொஞ்ச நேரம் படித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரையை என் பக்கம் திருப்பினார். எட்டு நாற்பத்தொன்று: எதிர்பாராத மின்னிழப்புக்குப் பின் கார்டு எழுந்தது, கேஷில் உள்ள தகவல் முழுமையாக இருக்கிறது, பேட்டரி நல்ல நிலையில். எட்டு நாற்பத்து மூன்று: இரண்டாம் பெட்டியைக் காணவில்லை, அதற்குரிய தகவல் காத்துவைக்கப்பட்டது. எட்டு நாற்பத்து நான்கு: காத்துவைத்த தகவல் பயனரால் நீக்கப்பட்டது.

அந்தப் பயனர் நான்தான். காவலாளி ஸ்விட்சை இறக்கியதால் எங்கள் படம் ஒன்றுகூடக் கெடவில்லை. அவர் இறக்கியபோது மிச்சமிருந்ததைக் கார்டு கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஐம்பது நிமிடம் காத்திருந்தது. இன்னும் மூன்று நாள்கூடக் காத்திருந்திருக்கும். எழுப்பிவிட்ட மூன்றாவது நிமிடத்தில் அதைப் பறித்துக் கீழே போட்டவன் நான்.

இதை உள்வாங்கிக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று. காரணம், இந்தத் தொழிலில் எல்லோரையும்போல நானும் திடீர் நிறுத்தத்தைப் பற்றிய பயத்திலேயே வளர்ந்தவன். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதே பயம் கருவிகளைச் செய்கிறவர்களுக்கும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதனால் ஒவ்வொரு அடுக்கிலும் அதற்கு மாற்று வைத்திருக்கிறார்கள். ஹார்டு டிஸ்க்கையே எடுத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுழலும் தட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் தலை மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். மின்சாரம் சட்டென்று அற்றுப்போனால், தட்டு சுற்றிக்கொண்டிருக்கும் வேகத்தையே டிஸ்க் பயன்படுத்திக்கொள்கிறது: அதைச் சுழற்றிய மோட்டார் அந்தக் கணம் ஜெனரேட்டராக மாறி, தட்டு நிற்பதற்குள் தலையைப் பக்கத்துச் சாய்தளத்தின் மேல் ஏற்றிவிடும் அளவுக்கு மின்சாரம் கொடுக்கிறது. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உயிர் போகும் நேரத்தில் மிச்சமிருக்கும் வேகத்தைக்கொண்டே தன் பொருளைக் காத்துவிட்டுப் போகும்படி ஒரு எந்திரத்தை யாரோ வடிவமைத்திருக்கிறார்கள். இப்படி நின்றது எத்தனை முறை என்பதையும் டிஸ்க் தன் ஸ்மார்ட் பதிவில் எண்ணி வைக்கிறது. வழக்கமான நிறுத்தத்தைவிட இதில் தேய்மானம் அதிகம். அடிக்கடி செய்யக் கூடாது. ஆனால் ஒரு முறை செய்தால் டிஸ்க் தாங்கும்.

அடுத்த அடுக்கு கன்ட்ரோலரின் கேஷ். சர்வர் எழுதச் சொன்னதும் அதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, எழுதியாயிற்று என்று பதில் சொல்லிவிட்டு, பிறகு நிதானமாக டிஸ்க்கில் எழுதுவது அதன் வேலை. இந்த இடைவெளியில் மின்சாரம் போனால் நினைவகம் அழியாமலிருக்கத் தனி பேட்டரி உண்டு. நல்ல நிலையில் இருந்தால் சுமார் 72 மணி நேரம் தாங்கும். புதிய கார்டுகளில் பேட்டரிக்குப் பதிலாக மின்தேக்கியின் துணையோடு பிளாஷ் நினைவகத்துக்கு நகலெடுத்துவிடுகிறார்கள். ரெய்டு-5 போன்ற அமைப்புகளில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. தரவையும், ஒரு டிஸ்க் செத்தால் அதில் இருந்ததை மீட்டெடுக்க உதவும் சமநிலைக் கணக்கையும் வெவ்வேறு டிஸ்க்குகளில் எழுத வேண்டும். ஒன்று எழுதப்பட்டு மற்றொன்று எழுதப்படாமல் நின்றுவிட்டால் இரண்டுக்கும் பொருத்தமில்லாமல் போய், பின்னாளில் ஒரு டிஸ்க் சாகும்போது தவறான தரவு மீண்டெழும். கேஷில் காத்த தகவல் அந்த இடைவெளியை அடைக்கிறது. செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் கோப்பு அமைப்பின் ஜர்னலும் டேட்டாபேஸின் பதிவேடும் அதற்கு மேலே உள்ள அடுக்குகள்.

எழுப்புகிறவனின் அவசரத்துக்கு இப்படி ஒரு ஏற்பாடும் கிடையாது. கார்டு தன்னால் முடிந்ததைச் செய்தது: நிறுத்தி, கேட்டது. அந்தக் கேள்வியை நான் தடையாகப் பார்த்தேன்.

எம்.சி.பி. ஏன் விழுந்தது

எம்.சி.பி. விழுந்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்; ஏனென்றால் அதையும் முதலில் காவலாளியின் கணக்கில்தான் எழுதினேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு டிஸ்க் கேட்கும் மின்சாரம் குறைவு. நின்ற தட்டை 7,200 சுற்றுக்குக் கொண்டுபோகும் சில நொடிகளில் மட்டும் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் வரை கேட்கும். இருபத்து நான்கு டிஸ்க்கும் ஒன்றாக எழுந்தால் 48 ஆம்பியர். அதனால்தான் நல்ல பெட்டிகளில் டிஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலத் தொடங்கும்படி அமைத்திருப்பார்கள். அதற்கும் முந்தியது ஒன்று உண்டு. பவர் சப்ளையில் வெறுமையாக இருக்கும் மின்தேக்கிகள், ஸ்விட்ச் போட்ட கணத்தில் தாகத்தோடு மின்சாரத்தை இழுக்கின்றன. சர்வருக்கு இரண்டு, பெட்டிக்கு இரண்டு வீதம் எல்லா பவர் சப்ளைகளையும் ஒரே கணத்தில் எழுப்பினேன். எங்கள் பலகையில் இருந்தவை 'பி' வகை எம்.சி.பி.க்கள், தம் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டம் வந்தாலே உடனே விழுந்துவிடுபவை. 'சி' வகையானால் 5 முதல் 10 மடங்குவரை பொறுக்கும். ஒரு நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் தள்ளியிருந்தால் 'பி' வகையே போதுமாக இருந்திருக்கும்.

எனவே வரிசை. இது ஒன்றும் ரகசியமல்ல, எல்லாக் கம்பெனிக் கையேட்டிலும் உள்ளதுதான். என்னிடமும் அலமாரியில் இருந்தது. இறக்கும்போது தகவலை உண்டாக்குகிறவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்: ஸ்கேன் அறைகள் அனுப்புவதை நிறுத்த வேண்டும், வரிசையில் நிற்கும் படங்கள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு மென்பொருள், டேட்டாபேஸ், சர்வரின் இயங்குதளம். சர்வர் முறையாக நிற்கும்போது கேஷில் உள்ளதை எல்லாம் டிஸ்க்கில் கொட்டிவிட்டுத்தான் நிற்கும்; அதன் விளக்கு அணைவதற்குள் கீழே உள்ள பெட்டிகளைத் தொடக் கூடாது. பெட்டிகள், நெட்வொர்க் ஸ்விட்ச், கடைசியாக யு.பி.எஸ். ஏற்றும்போது யு.பி.எஸ்., நெட்வொர்க், பிறகு ஒரு பெட்டி, அதன் பன்னிரண்டு விளக்கும் அசையாத பச்சைக்கு வந்த பிறகு அடுத்த பெட்டி, அதன் பிறகே சர்வர். எழுகிற கன்ட்ரோலர் தன் டிஸ்க்குகளை எண்ணிப் பார்க்கும். அந்த நேரத்தில் அவை விழித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், தூங்கும் டிஸ்க்குக்கும் செத்த டிஸ்க்குக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

கையேடுகள் அழுத்திச் சொல்லாத ஒன்றும் உண்டு. நிறுத்துவதற்கு முன்பே ஒரு டிஸ்க் மஞ்சள் விளக்கோடு கிடந்தால், திட்டமிட்ட மின்தடையாக இருந்தாலும் அதை மாற்றி, தொகுப்பு மறுபடி முழுமையான பிறகே நிறுத்த வேண்டும். வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய டிஸ்க் ஒன்று, நிறுத்தி ஆறிய பிறகு மறுபடி எழ மறுப்பது அரிதல்ல. ரெய்டு-5 தாங்குவது ஒரு டிஸ்க்கின் சாவை மட்டுமே. நிறுத்துகிற நாளின் காலையில் பேக்கப் முடிந்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் இப்போது எந்தப் பெட்டியையும் தொடுவதில்லை.

கத்திரியில் யு.பி.எஸ். தரும் தைரியம்

எங்கள் ஊருக்கென்று சேர்த்துக்கொள்ள வேண்டியது வெயில். யு.பி.எஸ். இரண்டு மணி நேரம் தாங்கும் என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் ஏ.சி. யு.பி.எஸ்.ஸில் இருக்காது. மின்சாரம் போன கணத்திலிருந்து, அரை கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கக்கும் ஒரு ரேக், எட்டுக்குப் பத்து அடி மூடிய அறையில் தன் மூச்சுக்காற்றைத் தானே திரும்ப மூச்சுவிட்டுக்கொண்டு ஓடுகிறது. சர்வர் அறைக்கு 18 முதல் 27 டிகிரிவரை நல்லது என்பது பரிந்துரை. பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60 டிகிரி உச்ச வரம்பு. மே மாத மதியத்தில் எங்கள் அறை இருபது நிமிடத்தில் 35 டிகிரியைத் தொட்டதை நானே அளந்திருக்கிறேன். டிஸ்க் எப்போதும் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஆகவே எப்போது நிறுத்துவது என்பதை இந்த ஊரில் யு.பி.எஸ். திரையில் தெரியும் நிமிடங்களைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கதவுக்கு உள்பக்கம் ஒரு சாதாரண வெப்பமானியை மாட்டியிருக்கிறோம். 35-ஐத் தொட்டால், பேட்டரியில் எத்தனை நிமிடம் மிச்சமிருந்தாலும் இறக்கத் தொடங்கிவிடுவோம்.

திரும்ப ஏற்றுவதிலும் ஏ.சி.தான் முதலில். அறை 28-க்குக் கீழே வந்த பிறகே பெட்டிகள். அதற்குள் இன்னொரு காரியமும் நடந்துவிடும். கோடை மழைக்குப் பிறகு மின்சாரம் ஒரே முறையில் வந்து நிற்பதில்லை. வரும், மங்கும், போகும், மறுபடி வரும். முதல் வெளிச்சத்தைப் பார்த்ததும் ஸ்விட்சைப் போடுகிறவர், சுழலத் தொடங்கிய தட்டுகளை அரைமணி நேரத்தில் மூன்று முறை நிறுத்தி மூன்று முறை எழுப்புகிறார். அறை குளிரக் காத்திருக்கும் கால்மணி நேரத்தில் மின்சாரமும் நிலைத்துவிடும்.

வீட்டில் சிறிய நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி, வைத்திருக்கும் நண்பர்கள் இதையெல்லாம் பெரிய இடத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். சத்துவாச்சாரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் நண்பர் பத்தாண்டுக் கல்யாணப் படங்களை நான்கு டிஸ்க் போட்ட ஒரு நாஸில்தான் வைத்திருக்கிறார். அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தே அணைத்துக்கொண்டிருந்தார். கருவிக்குக் கருவி முறை மாறும் என்றாலும், பொதுவாகச் சில நொடிகளுக்கு மேல் பிடித்தால் அது கட்டாய நிறுத்தம், இறக்கிய மெயினுக்குச் சமம். அவருடைய நாஸுக்கு ஒரு சிறிய அழுத்தம் போதும், தானே எல்லாவற்றையும் மூடிவிட்டு அணையும். யு.பி.எஸ்.ஸிலிருந்து நாஸுக்கு ஒரு யு.எஸ்.பி. கம்பி இழுத்துவிட்டால், பேட்டரி குறையும்போது யாரும் இல்லாவிட்டாலும் முறையாக நின்றுவிடும். அந்தக் கம்பி அவருடைய யு.பி.எஸ். பெட்டியிலேயே பிரிக்கப்படாமல் இருந்தது.

சுவரில் ஒட்டிய தாள்

புதிய அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நேரங்களோடு, என் பெயரோடு. அதன் பிறகு காவலாளி அண்ணனிடம் போனேன். மன்னிப்புக் கேட்டதும் அவர், “உடு தம்பி, அவசரத்துல எல்லாருக்கும் வர்றதுதான்” என்றார். அவர் விட்டாலும், அன்று அவர் சொன்ன வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லவில்லையே என்பது உறுத்தியது. எதற்கு முன்னால் எதை அணைக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவன் நான். கையேடு ஆங்கிலத்தில், பூட்டிய அலமாரியில், சாவி என் பையில், பை காட்பாடியில். மின்சாரம் போகும் இரவில் ரேக்குக்குப் பக்கத்தில் இருப்பது எப்போதும் அவர்தான். நான் எப்போதும் வந்துகொண்டிருப்பவன்.

தமிழில் ஒரு தாள் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாம் வரியிலேயே நிறுத்தி, “கன்ட்ரோலர்னா எது?” என்று கேட்டார். பெட்டிகளுக்குப் பெரிய எண்களை ஒட்டினோம். தாளில் பெயர்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் எழுதினேன். 'ஐந்து நிமிடம் காத்திருக்கவும்' என்று நான் எழுதியிருந்ததை அவர் ஏற்கவில்லை. காவலாளியாக வருவதற்கு முன்பு ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் இருந்தவர் அவர். அங்கே யாரும் கடிகாரத்தைப் பார்த்து நெருப்பு மூட்டுவதில்லை, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துத்தான் மூட்டுவார்கள் என்றார். அதனால் நிமிடங்களையும் எடுத்துவிட்டோம். '2-ஆம் எண் பெட்டியில் பன்னிரண்டு விளக்கும் பச்சையாகி, மினுக்காமல் நிற்கும்வரை 4-ஐத் தொட வேண்டாம்' என்று இப்போது இருக்கிறது. 4 என்பது சர்வர். என்னுடைய வாக்கியத்தைவிட இது துல்லியமானது. டிஸ்க் விழிக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும் பொருந்தும். திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் எதையும் அழுத்தாமல் என்னைக் கூப்பிட வேண்டும் என்ற வரியைத் தாளின் கடைசியில் சேர்த்தேன். அது முழுக்க எனக்காக எழுதிக்கொண்ட வரி.

தாளின் முதல் வரியை அவரைக் கேட்காமல் நானே எழுதினேன். புகையோ தீநாற்றமோ வந்தால் வரிசை பார்க்க வேண்டாம், மெயினை இறக்கிவிட்டு வெளியே வந்துவிடுங்கள் என்பது அது. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “அன்னிக்கு நான் செஞ்சது இதுதானே?” என்றார். இதுதான் அண்ணா, என்றேன்.

மாதாந்திரப் பராமரிப்பு நாள்களை இப்போது ஒத்திகையாக வைத்துக்கொள்கிறோம். மின்சாரம் ஒன்பது மணிக்குப் போகும் என்று முந்தைய நாளே தெரிந்துவிடுகிறது. எட்டேகாலுக்குத் தாளைப் பார்த்து இறக்கத் தொடங்குகிறோம். நான் அறைக்குள் இருப்பேன், கை வைக்க மாட்டேன். இரவுப் பணிக்கு இப்போது புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான், அணைக்கட்டுப் பக்கத்துக்காரன். போன மாதம் மாலை மின்சாரம் திரும்பியதும், அண்ணன் தாளைச் சத்தமாகப் படிக்க, அவன் ஒவ்வொன்றாக ஏற்றினான். இரண்டாம் பெட்டியில் பதினொரு விளக்குகள் நிலைத்துவிட்டன; ஒன்று மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அவன் கை நாலாம் எண்ணுக்குப் போனது. அண்ணன் படிப்பதை நிறுத்திவிட்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அவனும் கையை எடுத்துக்கொண்டான். மூன்று பேரும் நின்றோம். வெளியே வரவேற்பறையில் யாரோ குறுந்தட்டு எப்போது கிடைக்கும் என்று இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.